அத்தை ஆண்டவரோடு காய் விட்ட கதை

"ஏன் அத்தை, இன்னிக்குப் பாட்டுக்கு வாயே திறக்கல?" என்று சபையிலிருந்து திரும்பும் வழியில் கேட்டேன்.

"பேச்சுவார்த்தை இல்ல."

"யாரோட? போதகரோடயா?"

"அவரு பாவம், என்ன பண்ணுவாரு. அவரோட முதலாளியோட."

"அப்புறம் எதுக்கு சபைக்கு வந்தீங்க?"

"கோவம்னா வீட்டை விட்டு ஓடிடுவாங்களா? எதிர்லயே உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கணும். அப்பதான்டி உறைக்கும்."

அத்தை பொய்ப்பல் செய்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டின் பின்னறையில் மெழுகில் பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பாள். தேய்க்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே ஆண்டவரோடு உரக்கப் பேசிக்கொண்டிருப்பாள். அதை ஜெபம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். கண்ணை மூட மாட்டாள். ஆமென் சொல்லி முடிக்கவும் மாட்டாள். "இந்தக் கோரைப்பல்லைக் கொஞ்சம் பாருங்க, கோணலா இல்ல?" என்பாள். "நேத்து ஒரு சிடுமூஞ்சி டாக்டரை அனுப்பினீங்களே, வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்பாள். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்குவாள். நடுவில் ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

மாமாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. மாமா உயிர் பிழைத்தார், குரல் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"பாதி வேலை," என்றாள் அத்தை. "நான் மேல் வரிசையை மட்டும் செஞ்சு குடுத்துட்டு, கீழ விசுவாசத்தால மெல்லுங்கன்னு சொன்னா விடுவாங்களா?"

இருவரும் சண்டை போட்டே குடும்பம் நடத்தியவர்கள். இப்போது மாமா சிலேட்டில் எழுதிக் காட்டினார். "அவரு எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கோவமே போயிடுது. இதெல்லாம் ஒரு குடும்பமா?" என்று அத்தை புலம்பினாள்.

போதகர் ஆறுதல் சொல்ல வந்தார். "ஆண்டவர் உங்களைச் சோதிக்கிறார், சகோதரி."

"சோதிக்கட்டும் ஐயா. ரிசல்ட்டைச் சீக்கிரம் போடச் சொல்லுங்க."

மாமா சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: 'ஐயா, தப்பிச்சுப் போயிடுங்க.'

அத்தைக்கு விசுவாசம் போய்விட்டது என்று அம்மா கவலைப்பட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருநாள் சூடான மெழுகு கையில் கொட்டி, "ஆண்டவரே!" என்று அத்தை அலறினாள். அடுத்த நொடியே கூரையைப் பார்த்து, "உங்களைக் கூப்பிடல," என்றாள். இல்லாத ஆளிடம் யாரும் அவ்வளவு ரோஷம் காட்ட மாட்டார்கள்.

மாமாவை மறுபடி பரிசோதிக்கும் நாள் நெருங்கியது. அன்று அவரைப் பேச வைத்துப் பார்ப்பார்கள். அப்போதும் வராவிட்டால் இனி வராது. அதற்கு முந்தைய மாலை நான் பின்னறைக்குப் போனபோது இயந்திரம் ஓடவில்லை. அத்தை ஒரே பல்லை மெழுகில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நீ தினம் ஜெபம் பண்றல்ல?"

"பண்றேன்."

"நீ அதிகம் பேசாத பொண்ணு. நீ வாயைத் திறந்தா, ஏதோ விஷயம் இருக்குன்னு காது குடுப்பாரு. என் சத்தம் அவருக்குப் பழகிப்போச்சு."

"நீங்களே கேளுங்களேன், அத்தை."

"நானா? முதல்ல அவரு வந்து பேசட்டும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மாமாவுக்குக் குரல் குடுக்கச் சொல்லிக் கேளு. முழுசா வேணாம், என்னைத் திட்டுற அளவுக்கு வந்தா போதும். நான் சொன்னேன்னு மட்டும் ஆண்டவர்கிட்ட சொல்லிடாதே."