பெட்ரோல் குழாயை நெரித்த சுஜா

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தில் வண்டிகளுக்குப் புகை டெஸ்ட் எடுக்கும் சுஜாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிப் போனவர்கள் குறைவு. தகரக் கூரை போட்ட சின்ன அறை, வண்டியின் புகைக் குழலுக்குள் விடுகிற நீளக் கம்பி, அளவு காட்டும் மெஷின், ஒரு கம்ப்யூட்டர். இவற்றோடு பதின்மூன்று வருடமாக அவள் அங்கே இருக்கிறாள். அளவு கூடினால் சர்ட்டிபிகேட் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, அதட்டினாலும் கிடையாது.

பிறந்தது கொல்லங்கோட்டுப் பக்கம். அம்மா அண்டி ஆபீசில் முந்திரி உடைத்து அவளைப் படிக்க வைத்தாள். நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். ஆன்சனைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தாள். அவன் இப்போது விழிஞ்ஞம் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். வந்த புதிதில் ஜெயன் என்ற மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டுப் போனாள். அவள் நீட்டிய டிப்ளமோவை ஜெயன் கையால்கூடத் தொடவில்லை.

"வேணும்னா அங்க உக்காந்து பில்லு எழுதிக்கோ. ஸ்பேனர் பிடிக்க இவிட ஆணுங்க உண்டு" என்றான். காருக்கு அடியில் படுத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஒர்க்‌ஷாப்பை ஒட்டிப் புகை டெஸ்ட் நடத்தி வந்தவர் ஊரை விட்டுப் போனபோது அந்த அறையை சுஜா எடுத்துக்கொண்டாள். வேறு இடம் கிடைக்காமல் இல்லை. வேண்டுமென்றேதான் அங்கே வந்து உட்கார்ந்தாள். நடுவில் இடுப்புயர மதில். அதைத் தாண்டி ஒரு "சாப்பிட்டியா" இதுவரை போனதில்லை, வந்ததும் இல்லை.

ஒரு மார்ச் மாதக் காலையில் தாணுமாலையன் அவருடைய பழைய காரோடு வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் கார்பரேட்டர் காலத்து வண்டி. சுஜா கம்பியை உள்ளே விட்டாள். மெஷின் நச்சுப் புகை ஏழு புள்ளி இரண்டு சதவீதம் என்று காட்டியது.

"மூணுக்கு மேல போகப்பிடாது சார். வண்டிய சரியாக்கிட்டு வாங்க."

"நேத்துதான் ஜெயன் டியூன் பண்ணித் தந்தான். ஒன் மெஷினுக்குத்தான் கேடு."

"மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. போன மாசம்தான் பரிசோதிச்சு சீல் வச்சாச்சு."

"முப்பத்தி நாலு வருஷம் சர்க்கார்ல இருந்தவன் நான். ஒன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன் தெரியுமா?"

"பாத்திருப்பிய சார். வண்டிய எடுங்க, பின்னால ஆட்டோ நிக்குது."

முகம் சிவக்கப் போனவர் மூன்றாம் நாள் மறுபடி வந்தார். ஜெயன் மறுபடியும் ஏதோ திருகிக் கொடுத்திருந்தான். இந்த முறை ஏழு புள்ளி ஆறு.

"நீ வேணும்னே செய்யுதே" என்று தாணுமாலையன் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுஜாவுக்கும் சுருக்கென்று ஏறியது. ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தவளின் காது இன்ஜின் பக்கம் போய்விட்டது. சும்மா நிற்கும்போது அது ஒரு சீராக ஓடவில்லை. குலுங்கித் தணிந்தது, சாகப் போகிற மாதிரி திணறியது, அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கறுப்பாகப் புகை தள்ளிக்கொண்டு எழுந்தது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

"எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டாள்.

"ஒனக்கெதுக்கு அது?"

"சொல்லணும்னா சொல்லுங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போங்க."

அவர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். ஜனவரியில் குடும்பத்தோடு பொன்முடிக்குப் போயிருக்கிறார். கல்லாறு தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறவில்லை. ஜெயன்தான் பம்பை மாற்றினான். "இப்ப எந்த ஏத்தமும் ஏறும்" என்றார்.

"சிக்னல்ல நின்னா?"

"தம்பானூர் சிக்னல்ல மிதிச்சிக்கிட்டேதான் நிக்கணும். காலெடுத்தா ஆஃப் ஆயிரும்."

சுஜா பானெட்டைத் திறந்தாள். இன்ஜினின் பக்கவாட்டில் பழைய பம்ப் இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து அடைத்திருந்தது. காரின் பின்பக்கத்திலிருந்து வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம். கரண்டில் ஓடும் பம்ப், அதுவும் புது மாடல் காரில் வருவது. ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். கார்பரேட்டரின் தொண்டைக்குள் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது, வெளியிலும் கசிந்து இன்ஜின் மேல் வழிந்தது.

அதற்குள் ஜெயன் மதிலில் முழங்கையை ஊன்றி நின்றான். "சாரே, அவ மெஷின் பழசு. அவளுக்கு வண்டியப் பத்தி எந்து தெரியும்?"

"சார்" என்றாள் சுஜா, ஜெயனைப் பார்க்காமலே. "இந்த கார்பரேட்டருக்குள்ள ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. பெட்ரோல் நிறைஞ்சா ஒரு ஊசி வந்து பாதைய அடைக்கும். பழைய பம்ப் மெதுவாத் தள்ளும், ஊசி தாங்கும். இது பல மடங்கு வேகத்துல தள்ளுது. ஊசியால அடைக்க முடியல. கிண்ணம் வழிஞ்சு இன்ஜினுக்குள்ள கொட்டுது."

"கதை" என்றான் ஜெயன்.

சுஜா மேசையிலிருந்து குறடு ஒன்றை எடுத்தாள். கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் துணியைச் சுற்றி, குறட்டால் இறுக்கி நெரித்தாள். "நீங்க என்னப் பாக்காதீங்க சார். மீட்டரப் பாருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெயன் சிரிக்கத் தொடங்கினான். பிறகு இன்ஜினின் குலுக்கம் குறைந்தது. தாணுமாலையனின் கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை, ஆனாலும் வண்டி சாகவில்லை. தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. மீட்டரில் ஏழு ஐந்தானது, மூன்றானது, இரண்டில் வந்து நின்றது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீர்ந்ததும் இன்ஜின் இருமி அடங்கியது.

வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் "கொள்ளாமே" என்று மெச்சினார்.

"என்ட பணியில கை வைக்க நீ ஆரு?" ஜெயன் மதிலை ஓங்கி அறைந்தான்.

"கை வைக்கலன்னா இந்த மனுசன் குடும்பத்தோட எரிஞ்சு போவாரு. சூடான இன்ஜின் மேல பெட்ரோல் ஒழுகுது. ஒனக்குக் கண்ணு இல்லையா?"

தாணுமாலையன் நன்றி சொல்லவில்லை. ஜெயனிடம் "பேரப்பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறேன்டா இதுல" என்று சீறினார். சுஜாவிடம் திரும்பி, "நீயும் இத மரியாதையாச் சொல்லியிருக்கலாம்" என்றார். கரமனையிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

ஜெயன் சும்மா இருக்கவில்லை. புகை டெஸ்ட்டுக்கு மட்டும் அனுமதி பெற்றவள் பானெட் திறந்து ரிப்பேர் செய்கிறாள், நல்ல பாகத்தைக் கெடுத்தாள், பிறர் தொழிலைக் கெடுக்கிறாள் என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டான். காரின் நம்பரையும் எழுதியிருந்தான். இரண்டு வாரம் கழித்து ரெம்யா என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். தாணுமாலையனையும் வரச் சொல்லியிருந்தார்.

அன்று காலை சுஜா வழக்கத்தைவிட முன்பே வந்து அறையைத் திறந்தாள். அனுமதி போனால் இந்த அறை போகும். மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பை வாழ்நாளெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கிழவர் தனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் இல்லை.

தாணுமாலையன் காரிலேயே வந்தார். கையில் ஒரு பை. அதிகாரி கேட்பதற்கு முன்பே பையிலிருந்து அந்த கரண்ட் பம்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நாக்குல விஷம். அத எங்க வேணும்னாலும் எழுதித் தாரேன். ஆனா இவ எந்தப் பாகத்தையும் கெடுக்கல. கொழாயப் பிடிச்சு நெரிச்சா, அவ்வளவுதான். இவ சொன்னதத்தான் கரமனைக்காரனும் சொன்னான். பழைய மாதிரிப் பம்பே போட்டாச்சு. கெடுத்தது அங்க நிக்கான் பாருங்க, அவன்."

மதிலருகே நின்ற ஜெயன் உள்ளே போய்விட்டான்.

ரெம்யா மெஷினின் சீலைப் பார்த்தார், பழைய பதிவுகளைப் பார்த்தார். "டெஸ்ட் மட்டும் எடுங்க. கொறடு மேசையில வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, புகாரில் உண்மையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனபின் சுஜா கம்பியைக் காரின் புகைக் குழலுக்குள் விட்டாள். ஒன்று புள்ளி நான்கு. சர்ட்டிபிகேட்டை அடித்து நீட்டினாள். "நீங்க வருவியன்னு நினைக்கல" என்றாள்.

"ஒனக்காக வரல. அவன் மேல உள்ள கோவத்துல வந்தேன்."

"அது போதும் சார்."

அவர் சர்ட்டிபிகேட்டில் நம்பரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரை எடுத்தார்.

அதன்பிறகு ஜெயன் தன்னிடம் வரும் பழைய கார்களைப் புகை டெஸ்ட்டுக்கு அட்டக்குளங்கரை வரை அனுப்புகிறான். மதிலை ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டான். சிமெண்ட் பூசிய நாளில் சுஜா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.