மணிக்கூடு பார்க்காத ஒருநாள்

எங்கள் ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர். வேலை ஓய்ந்தால் பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் பொம்மையை என் அம்புலன்ஸ் டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, எதிரில் நின்று மூச்சுக்கு வழி செய்து பார்ப்பார். ஒருமுறை குழாய், மறுமுறை தொண்டையில் வழுக்கி உட்காரும் மாஸ்க். எது சீக்கிரம் என்று மணிக்கூடு பார்ப்பது என் வேலை.

“படுக்கவச்சுச் செய்யலாமே சேர்?” என்றேன்.

“லொறிக்குள்ள மாட்டுப்பட்டவனை எப்பிடியப்பா படுக்க வைக்கிறது?”

ஒருநாள் நோர்வூட் வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி சரிந்தது; டொக்டரை ஏற்றிக்கொண்டு ஓடினேன். உட்கார்ந்தபடியே மாட்டிக்கிடந்த டிரைவருக்கு நினைவில்லை, மூச்சும் அடங்கிக்கொண்டிருந்தது. டொக்டர் முன்பக்கம் ஏறி, உடைந்த கண்ணாடி வழியே மாஸ்க்கைப் போட்டார். டிரைவரின் நெஞ்சு ஏறி இறங்கியது.

“எவ்வளவு நேரம் எடுத்தது?”

“பார்க்கலீங்க சேர். சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவர் முகம் வாடிவிட்டது. லொறி டிரைவர் பிழைத்து நன்றி சொல்ல வந்தபோது, டொக்டர் அவரையும் என் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தரம் உட்காரச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.