கிளியம்மாள் துடைக்கும் தரை

"பூட்ஸ் காலோட ஏறுதுங்க பாரு. இது சாமி வூடா, லாரி ஷெட்டா?"

என் நாத்தனார் கிளியம்மாள் தினமும் காலையில் கோயில் கதவைத் திறந்ததும் சொல்வது இதுதான். அந்நேரம் உள்ளே ஒரு ஆளும் இருக்காது. பூட்ஸ் போட்டவனும் கிடையாது, செருப்பு போட்டவனும் கிடையாது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் அவளுக்குக் கையில் துடைப்பம் ஓடும். எங்கள் வீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் ஒரு சந்துதான் என்பதால், பாத்திரம் தேய்த்துக்கொண்டே தினமும் கேட்டுத் தொலைப்பேன்.

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. கோயில் சின்னது, பெஞ்சு கிடையாது. சிவப்பு சிமென்ட் தரையில்தான் எல்லோரும் உட்காருவார்கள், முட்டி போடுவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இதை யார் சட்டம் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு போலீஸ் கிளியம்மாள்தான். சாமியார் ஆனாலும் சரி, கல்யாண மாப்பிள்ளை ஆனாலும் சரி, வெறுங்காலோடுதான் வரவேண்டும்.

இதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வேலை செய்வது ஒரு கம்பெனி கேன்டீனில். காலை ஷிஃப்டுக்குக் காய் நறுக்கப் போகுமுன் கோயிலைப் பெருக்குவாள். வந்ததும் துடைப்பாள். சனிக்கிழமைகளில் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, முட்டி போட்டுக்கொண்டே தேய்ப்பாள். எங்கள் வீட்டுச் சமையல்கட்டை ஒரு நாள் அப்படித் தேய்த்திருப்பாளா? கேட்டால், "உன் வூட்டுல உன் புருஷன் தானே கீறான், சாமியா கீது?" என்பாள். அந்தப் புருஷன் அவளுடைய சொந்தத் தம்பி.

அந்தத் தரைமேல் அவளுக்கு ஏன் அத்தனை வெறி என்று எனக்குத் தெரியும். மணிமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை இல்லை. புருஷன் சின்ன வயதிலேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். திரும்பி இங்கே வந்தவள் பல மாதம் யாரிடமும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மத்தியானத்தில் கோயிலுக்குப் போய் அந்தத் தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்துக்கொள்வாள். யாரும் எழுப்பவில்லை. பூசைக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டுப் போவார்கள். "பாயில படுத்தா தூக்கம் வரல. அங்க படுத்தா வந்துது" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். கன்னம் வைத்துப் படுத்த இடத்தில் எவனாவது பூட்ஸோடு நடந்தால் எரியத்தானே செய்யும்.

அவளுக்கு மட்டும் இல்லை. தெற்கேயிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களில் முப்பிடாதி என்று ஒருவன். கிறிஸ்துவனே கிடையாது. ஷிஃப்ட் முடிந்ததும் சேஃப்டி ஷூவையும் சாக்ஸையும் வாசலில் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே வந்து ஓரமாகச் சுவரில் சாய்ந்துகொள்வான்.

"நாள் பூரா ஷூவுக்குள்ள வெந்த காலு அக்கா. இந்தத் தரையில வச்சாத்தான் உசுரு வருது" என்பான்.

"கால கழுவிகினு வந்தியா?" என்பாள் கிளியம்மாள்.

"கழுவிட்டேன் அத்தை."

"சாக்ஸையும் கழுவு. மாதாவுக்கு மூக்கு கீது."

இந்த வழக்கத்தில் இத்தனை நல்லது இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் பின்கட்டு ரூமில் அந்தோணிராஜ் குடிவந்தான். தூத்துக்குடிப் பக்கம். பெண்டாட்டி பாண்டிச்செல்வி. அவன் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவான், ஆனால் உள்ளே ஏறமாட்டான். கறுப்பு பூட்ஸோடு ஜன்னல் ஓரமாக வெளியே நின்று, பாட்டெல்லாம் சரியாகப் பாடுவான். அவனுக்கு நன்மை அப்பம் கொடுக்க மட்டும் சாமியார் வாசல் வரை வருவார்.

கிளியம்மாள் விடுவாளா? "உங்க ஊர்ல பூட்ஸோட தான் பூசை பாப்பீங்களா? கழட்டினா கம்பெனில வேலைய வுட்டு தூக்கிருவானா?"

அவன் சிரிப்பான். "வெளிய காத்து நல்லா வருது அத்தை."

"திமிரு" என்று என்னிடம் வந்து சொல்வாள். நானும் திமிர் என்றுதான் நினைத்தேன்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுதான். அவன் வீட்டில் மூத்த பிள்ளையை அப்பன்தான் ஞானஸ்நானத் தொட்டி வரை தூக்கிப் போவானாம். அவன் அப்பா அவனைத் தூக்கினாராம், தாத்தா அப்பாவைத் தூக்கினாராம். ராத்திரி தலையணையைக் கையில் ஏந்தி ரூமுக்குள் நடந்து பழகுகிறான் என்று பாண்டிச்செல்வி சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்குச் சாமியார் வழக்கப்படி வாசலுக்கு வந்து நின்றார். ஞானஸ்நானம் வாசலில்தான் தொடங்கும். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். அந்தோணிராஜ் குழந்தையை ஏந்திக்கொண்டு சத்தமாகப் பெயரைச் சொன்னான். குழந்தை நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "உள்ளே வாருங்கள்" என்றார் சாமியார். அவன் ஒரு படி ஏறினான்.

"பூட்ஸ்" என்றாள் கிளியம்மாள்.

அவன் நின்றுவிட்டான்.

"இன்னிக்காவது கழட்டுப்பா. புள்ளைக்கு ஞானஸ்நானம். இன்னிக்குமா?"

சாமியார் மெதுவாக, "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் விடுங்க" என்றார்.

"உங்களுக்கு முன்ன இருந்த சாமியாருங்க யாரும் ஒரு நாள் வுடல சாமி. பைபிள்ல மோயீசனுக்கே செருப்ப கழட்டுன்னு தான் ஆண்டவர் சொன்னாரு."

ஊரே வாசலில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறது. சாமியார் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கழற்றினால்தான் என்ன என்று நின்றேன். அந்தோணிராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் குழந்தையைப் பாண்டிச்செல்வி கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி ஜன்னலுக்குப் போய்விட்டான். தலையில் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை வீறிட்டது. அப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பார்த்தான்.

சாயங்காலம் பிரியாணித் தட்டோடு பின்கட்டுக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். பாண்டிச்செல்வி அழுது முடித்துவிட்டிருந்தாள்.

"அவியளுக்கு இடது கால்ல பாதி பாதம் கெடயாதுக்கா. முந்தி வேலை பாத்த இடத்துல தகடு விழுந்துட்டு. அந்த பூட்ஸுக்குள்ள பஞ்சு வச்சு, பட்ட வச்சு கட்டிருக்கு. அது இருந்தாத்தான் நடக்க முடியும். கழட்டினா செவுத்தப் புடிச்சிட்டுல்லா நிக்கணும். புள்ளைய எப்படித் தூக்குவாவ?"

"ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே."

"சொன்னா பாவம்னு பாப்பாவளாம். அதுக்கு அத்தை ஏச்சே பரவால்லன்னு சொல்லுவாவ."

நேராகக் கிளியம்மாளிடம் போனேன். எல்லாம் சொன்னேன். கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள். அப்புறம், "எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? வாய்ல கொழுக்கட்டையா வச்சிகினு இருந்தான்?" என்றாள்.

"ஊர் முன்னால நிறுத்தி வச்சுட்டு வாயத் திறக்கலன்னு சொல்ற. நீ கேட்டியா அண்ணி? ஏன் கழட்டலன்னு ஒரு நாள் கேட்டியா? கழட்டு கழட்டுன்னு தானே சொன்ன?"

"இத்தினி வருசமா எல்லாரும் கழட்டினாங்க."

"ஆண்டவர் சீஷனுங்க காலப் புடிச்சு கழுவினாரு. அழுக்குக் காலுன்னு வாசல்ல நிறுத்தல."

"கழுவுறப்ப செருப்போடவா கழுவினாரு?" என்றாள். இவளிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

ஆனால் அடுத்த ஞாயிறு போனால், வாசலிலிருந்து ஞானஸ்நானத் தொட்டி வரை ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தது. அவள் கல்யாணத்துக்கு வந்தது. பெட்டியிலிருந்து எடுத்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, முனையோடு முனை தைத்திருந்தாள். குனிந்து அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தேன். பாஷை தெரியாத வடக்கத்திப் பையன் ஒருவன் ஷூவோடு அதில் ஏறினான். "ஏய், உனுக்கு காலு நல்லா தானே கீது? எறங்கு" என்று விரட்டினாள்.

யாருக்காக விரித்தாளோ அவன் வரவில்லை. அந்த வாரமே ரூமைக் காலி செய்துவிட்டு வாலாஜாபாத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே எந்தக் கோயிலுக்கும் போவதில்லையாம். பாண்டிச்செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்வருகிறாள். அவனைக் கூப்பிட்டால், "ஜன்னல்ல நின்னு பாத்தது போதும், ஜன்னல் இல்லாத கோயிலா பாத்துச் சொல்லு" என்கிறானாம்.

"நேர்ல போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வா அண்ணி" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

"விரிச்சி வச்சிகிறேனே. அவனுக்கு தெரியாதா?"

"வாலாஜாபாத்துல இருக்கறவனுக்கு இங்க விரிச்சது எப்படித் தெரியும்?"

"கோயிலத் தேடி ஜனங்க தான் வரணும். கோயிலு ஜனங்கள தேடி போவாது. எங்க அம்மா காலத்துல இருந்து அப்படித்தான்."

இது எந்த வேதத்தில் இருக்கிறது? காணாமல் போன ஆட்டைத் தேடிப் போனவரைத்தானே அங்கே பீடத்தில் வைத்திருக்கிறோம். இதைச் சொன்னால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறாள். சாமியாரிடம் சொன்னால், "காலம்தான் ஆத்தணும்" என்கிறார். அதற்குள் அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. அப்பனோடு கோயில் படி ஏறியதே இல்லை.

எனவே உங்களிடம் கேட்கிறேன். இந்தப் பக்கம் வேலையாக வந்தால், ஒரு ஞாயிறு காலை எங்கள் ஊருக்கு வந்து கிளியம்மாளைப் பாருங்கள். வாசலிலேயே நிற்பாள். கால் நன்றாக இருந்தால் கழற்றிவிட்டு ஏறுங்கள், அந்தத் தரை நிஜமாகவே சுகமாக இருக்கும். கழற்ற முடியாதென்றால் வாயைத் திறந்து சொல்லிவிட்டு ஜமுக்காளத்தில் நடங்கள். பூசை முடிந்ததும் தரை பளபளப்பாக இருக்கிறது என்று புகழ வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆனாள். "வாலாஜாபாத்துக்கு எப்பம்மா போறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டு அலுத்துவிட்டேன். முன்பின் தெரியாத நாலு பேர் கேட்டால் வெட்கப்பட்டாவது பஸ் ஏறுவாள்.