நோர்வூட்டில் பட்டம் வாங்கிய நாய்

நான் படிப்பிக்கும் பள்ளியின் ஏப்ரல் விடுமுறையில் ராகலையிலிருந்து நோர்வூட் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல; என் நாய் செம்பிக்கு வித்தை பழக்க. நாய் செய்யும் வித்தைகளை வீடியோ எடுத்து அனுப்பினால், வெளிநாட்டு நடுவர்கள் பார்த்துப் பட்டம் கொடுக்கிறார்கள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் சிவா என்பவரின் நாய் ஜிம்மி இரண்டு பட்டம் வாங்கியிருந்தது. நாயை இரண்டு வாரம் தன்னிடம் விட்டால் முதல் பட்டத்துக்குத் தயார்செய்து தருவதாக அவர் சொல்லியிருந்தார். கட்டணம் நாற்பதாயிரம் ரூபாய்.

ஆசை இருந்தது. ஆனால் செம்பி தெருவில் அடிபட்டு வந்தவள். ஆண்கள் கையை உயர்த்தினாலே சுருண்டு படுத்துவிடுவாள். நாயை எப்படிப் பழக்கினார்கள் என்பது வீடியோவில் தெரியாதே.

நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். பக்கத்து வீட்டு மன்சூர் நானாவின் வேனைப் பிடித்தேன், போய்வரப் பதினெட்டாயிரம். நுவரெலியாவில் சுற்றுலாச் சீசன் நெரிசல். தலவாக்கலையில் தேநீர் குடித்துவிட்டு ஹட்டன் வழியாகப் போய்ச்சேர நான்கு மணி நேரம் ஆனது. நாயை உடனே விட்டுவிட வேண்டாம், முதலில் ஆளைப் பாருங்கள் என்று நானா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சிவா நன்றாகப் பேசினார். ஜிம்மி அவர் சொன்னபடி சுழன்றது, வளையத்துக்குள் பாய்ந்தது, இறந்ததுபோல் படுத்தது. ஆனால் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் கண் எனக்குப் பின்னால், அடுப்பு தெரிந்த குசினி வாசலிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சிவாவின் மனைவி கலா நின்றிருந்தார்; விரல்கள் இடுப்பளவில் அசைந்துகொண்டிருந்தன.

கதவைச் சாத்தச் சொன்னேன். சிவா மறுபடி சொன்னார். ஜிம்மி அசையவில்லை. அவர் குரலை உயர்த்தினார். அது காதைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது.

கலா கதவைத் திறந்து வந்தார். "நான் பழக்குன நாய்ங்க டீச்சர். பொம்பளைகிட்ட யாரு காசு குடுத்து நாய விடுவாங்கன்னு இவருதான் முன்னால நிக்கிறாரு."

நாயை அடிப்பீர்களா என்று நேராகவே கேட்டேன். கலா அவித்த ஈரல் துண்டுகளை எடுத்துக்கொண்டு செம்பிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து செம்பி தானாகவே அவரிடம் போனாள். மத்தியானத்துக்குள் ஒரு முக்காலியைச் சுற்றி வரப் பழகியிருந்தாள். எனக்கே நம்ப முடியவில்லை.

விட்டுவிட்டுப் போகலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியாக ஒன்று கேட்டேன்: "நீங்க கொழுந்து எடுக்கப் போனா இவள யாரு பாத்துக்குவாங்க?"

கலா கணவரைப் பார்த்தார். "இவருதாங்க."

செம்பியை வேனில் ஏற்றினேன். சிவா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கலா மட்டும் வேன் வரை வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "விட்டுட்டுப் போவாதீங்க டீச்சர். நீங்களே பழக்குங்க, நான் போன்ல காட்டுறேன்." ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

இப்படி யாராவது நாயைக் கொண்டுபோவதாக இருந்தால் ஏப்ரலைத் தவிருங்கள். பாதி நேரம் நெரிசலிலேயே போய்விடும். நாள் முழுவதும் அந்த வீட்டில் இருங்கள். பட்டங்களைப் பார்க்காதீர்கள், நாய் யாரைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

செம்பிக்கு இப்போது நான்கு வித்தைகள் தெரியும். நான் அழைத்தால் கலா எடுப்பதில்லை. கணவர் வீட்டில் இல்லாதபோது அவரே அழைக்கிறார்.