பளிங்கு போன்ற தண்ணீர்

ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர் அவர். இப்போது அதே படகில் சுண்ணாம்புத் தூளை ஏற்றிப் போய்த் தண்ணீரில் கொட்டுகிறார். மலைக்கு அப்பாலுள்ள அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியின் கந்தகம் புகையோடு மேலேறி, மேகத்தின் ஈரத்தில் அமிலமாகி, இங்கே மழையாக இறங்குகிறது. அந்த மழை மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து ஏரியில் சேர்த்தது. அது செவுள்களில் படிந்து மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. பாசியும் அற்றுப்போய்த் தண்ணீர் பளிங்காகிவிட்டது.

அந்த மின்நிலையத்தில் வேலை பார்க்கும் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது அவரோடு படகில் ஏறினான்.

"அடித்தரையே தெரியுதே மாமா! எதுக்கு இந்தச் சுண்ணாம்பு?"

"ஏரிக்கு வயித்தெரிச்சல் மாப்பிள்ளை. அமிலத்த முறிக்க மருந்து குடுக்குறேன்."

சிரிக்கத் தொடங்கிய மருமகன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"முன்னாடி அந்தப் புகையில எங்க பிள்ளைங்களுக்கு ஓயாத இருமல் மாமா. புகைபோக்கிய உசத்தினதும் நின்னுடுச்சு."

"உசத்தினா புகை இல்லாம போயிடுமா? இங்க வருது."

மருமகன் ஒரு மூட்டையை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மகள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான்.

போன வருடமும் சுண்ணாம்பு போட்டு மீன்குஞ்சுகளை விட்டார். சில வாரம் துள்ளித் திரிந்தன. மழைக்காலம் வந்ததும் வயிறு மேலே தெரிய மிதந்தன. ஏன் மறுபடியும் செய்கிறார் என்று மனைவி கேட்டால், "சும்மா உக்காந்திருக்க முடியல" என்பார்.

"மேகம் திரளுது மாமா, கரைக்குப் போயிடலாம்."

அவர் கேட்காதவர்போல் அடுத்த மூட்டையை அவிழ்த்தார். பாதி கொட்டுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது.