தண்ணீரில் போடாமல் சொன்ன ‘டுபாக்கூர்’

நூற்றுப் பன்னிரண்டாம் லாட்டின் சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்தேன். கண்ணைப் பறிக்கிற பச்சை. மழை விடாத மாதத்தில் ஏலக்காய்க்கு இப்படி ஒரு நிறமா? பக்கத்து மேசைக்காரரிடம், “டுபாக்கூர் காய்ண்ணே” என்று சொல்லிவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தேன். அரை நிமிஷ வேலை.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குக் காய் பார்த்துக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். ஏலத்துக்கு முன்னால் வாங்குகிறவர்களின் மேசைக்கெல்லாம் சாம்பிள் வரும். நிறம், பருமன், மணம் பார்த்து நான் குறித்துக் கொடுப்பேன். முதலாளி கம்ப்யூட்டரில் விலை கேட்பார். என் கணிப்பு தப்பாது என்று பேர். அந்தப் பேர்தான் வினையாகிப் போனது.

டுபாக்கூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சாயம் ஏற்றிய காயைச் சாயக்காய் என்போம். டுபாக்கூர் சென்னைப் பக்கத்துச் சொல். வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்த துபாஷிகள் நடுவில் புகுந்து ஏமாற்றியதால் வந்ததாம். அந்தக் கதையே டுபாக்கூராக இருக்கலாம். இங்கே அதைச் சினிமாவும் லாரிக்காரர்களும் கொண்டுவந்தார்கள். முதலில் வாய்ப்பந்தல் போடுகிற ஆளைச் சொன்னோம். பிறகு ஓடாத கடிகாரம், சார்ஜ் நிற்காத போன் என்று பரவி, கடைசியில் காய்க்கு வந்தது. சாயக்காய் என்றால், “எங்க, காட்டு” என்பார்கள். டுபாக்கூர் என்றால் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதுதான் அந்தச் சொல்லின் சௌகரியம்.

ஏலம் தொடங்கி, திரையில் எண்பதாவது லாட்டு ஓடும்போது டீ குடிக்க வராந்தாவுக்கு வந்தேன். ஒரு பெண் வழிமறித்தார். பெயர் பார்வதி. குரங்கணிக்கு மேலே தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டு அவருடைய காய். டீ கொடுக்க உள்ளே வந்துபோனவர் மூலம் பேச்சு அதற்குள் வெளியே வந்துவிட்டது.

“என் காயை டுபாக்கூர்னு சொன்னது நீங்கதானாண்ணே?”

புது டிரையரில், குறைந்த சூட்டில், பக்கத்திலேயே இருந்து உலர்த்திய காய், அதுதான் இந்தப் பச்சை என்றார். சாயம் என்று பேர் விழுந்தால் இனி எந்த வாரமும் அவர் காயை ஒருவரும் தொடமாட்டார்கள். குத்தகையை விட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான். அவர் அழவில்லை, கோபப்பட்டார்.

“தண்ணியில போட்டுப் பாத்தீங்களா? பாக்காம எப்படிண்ணே சொல்றீங்க?”

பார்க்கவில்லை. ஒரு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் பிடித்துவந்து, என் மேசையில் வைத்து, அவருடைய காய்களைப் போட்டேன். சாயம் என்றால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். திரையில் தொண்ணூற்று நான்கு. உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தொண்ணூற்று ஒன்பது. பச்சையாகிவிடக் கூடாதா என்று மனசு அரித்தது. பச்சையானால் நான் தப்பித்தேன் அல்லவா? நூற்று நான்கு. தண்ணீர் தெளிவாகவே கிடந்தது.

முதலாளி காதில் விஷயத்தைச் சொன்னேன்.

“நீ பேசாம இரு. எவனும் கேக்கமாட்டான், நமக்குச் சல்லிசா வரும்” என்றார்.

நூற்றுப் பத்து ஓடும்போது கிளாஸோடு எழுந்து நின்றேன். “நூத்திப் பன்னெண்டு நல்ல காய். நான் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது” என்றேன். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. லாட்டு வந்தது, விலை ஏறியது, மற்ற நல்ல காய்களின் விலைக்கே போய் நின்றது. வாசலில் நின்று திரையைப் பார்த்த பார்வதி விலையைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்போது பக்கத்து மேசைக்காரர் மெதுவாகக் கேட்டார். “போன வாரம் ஒரு லாட்டை டுபாக்கூர்னியேப்பா, யாரும் கேக்காம திரும்பிப் போச்சே. அதைத் தண்ணியில போட்டியா?”

போடவில்லை. அது யார் காய் என்றுகூட எனக்குத் தெரியாது. மறுநாளே விசாரித்து, அதைக் கொண்டுவந்த ஏஜென்ட்டைப் பிடித்தேன். காய்க்குச் சொந்தக்கார ஆள் அதற்குப் பிறகு காய் கொடுக்கவே வரவில்லை, போனையும் எடுப்பதில்லை என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் சந்தேகம் வந்தால் சாயம் என்றே சொல்லுங்கள். காட்டச் சொல்வார்கள், காட்டியாக வேண்டும். அந்த ஏலத்துக்குப் பிறகு நான் மேசையில் தண்ணீர் வைக்காமல் ஒரு பாக்கெட்டையும் பிரித்ததில்லை. அந்த ஆளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.