வாசலுக்கு வந்த அரக்குச் சேலை

1. கட்டைப்பையோடு வந்தவர்கள்

வாங்கின கேமராவைத் திருப்பிக் கொடுக்க என் கடைக்கு ஆள் வருவதுண்டு. மைக்கில் இரைச்சல் வருகிறது என்று சண்டைக்கு வருவதும் உண்டு. சேலையைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை. முத்துமாரி வந்தாள். இரண்டு கட்டைப்பை நிறையச் சேலையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். உட்காரம்மா என்று சொல்லியும் உட்காரவில்லை. அவள் பின்னாலேயே கொழுந்தன் முனீஸ், கையில் போனோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் கடை. முன்பு தோளில் கேமராவைச் சுமந்து கல்யாண வீடியோ எடுத்தவன் நான். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் கடை போட்டேன். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் சேனல் நடத்துகிறவர்கள். வீரசோழனில் பிரியாணி செய்து காட்டும் பாய் வருவார். திருச்சுழிப் பக்கம் மிளகாய் விவசாயம் பேசும் வாத்தியார் வருவார். எல்லாருக்கும் கம்மி விலையில் நல்ல சாமான் வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் என்ன காட்டப்போகிறோம் என்று யோசிக்காமல், எவனோ வீடியோவில் சொன்ன மாடல் பெயரை ஒப்பித்துக்கொண்டு வருவார்கள் பாருங்கள், அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் கொஞ்சம் ஜாஸ்திதான் எனக்கு. என் வீட்டில் கேட்டால் கொஞ்சமில்லை என்பார்கள்.

முத்துமாரிக்குத் திருச்சுழி தாண்டி ஒரு கிராமம். அவள் அம்மாவும் மாமியாரும் அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் பிழைத்தவர்கள். அவள் கல்யாணத்துக்கு முன்பு மில்லில் வேலை பார்த்தாள். புருஷன் அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரரிடம் தறி ஓட்டுகிறார். அந்தத் தறிக்காரரிடமே பருத்திச் சேலைகளை எடுத்து, வீட்டில் வைத்து, போனில் லைவ் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். போனைப் பிடிப்பது முனீஸ். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு அம்மா, தங்கச்சி வளைகாப்புக்குக் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கட்டிக்கொள்ள அரக்குச் சேலை வாங்கினார். வாங்கினது அரக்கு, அனுப்பினதும் அரக்கு. ஆனால் லைவில் அது பளபளவென்று குங்குமச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. வாயால் அரக்கு என்று சொன்னதை யார் கேட்டார்கள்? கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள். பார்சலைப் பிரித்த அந்த அம்மா கொதித்துப்போய், பழைய லைவையும் கையில் இருந்த சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ போட்டுவிட்டார். கீழே எனக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான் என்று ஒரே கூட்டம். திரும்பி வந்த சேலைகள்தான் அந்தக் கட்டைப்பையில் இருந்தவை.

இன்னொரு பார்சல் திரும்பி வந்தால் சரக்குக் கிடையாது என்று தறிக்காரர் சொல்லிவிட்டாராம். புருஷனும், பேசாமல் மில்லுக்கே போ என்கிறாராம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. சேலையின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள்.

“ஞாயித்துக்கெழம ஒரு லைவு போடுறோம் அண்ணாச்சி. அதுவும் ஓடலேன்னா திங்கக்கெழம மில்லு வேன்ல ஏறிருவேன்” என்றாள்.

2. பெரிய கேமரா

முனீஸ் மேசைமேல் சாய்ந்து மாடல் பெயரைச் சொன்னான். கடையில் இருப்பதிலேயே பெரிய கேமரா அது. போன் கேமரா மட்டமாக இருப்பதால்தான் கலர் மாறுகிறது, இதை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். பைக்கைக் கொடுத்தாவது வாங்குவானாம். அவன் மதினிக்கு அதில் சம்மதமா இல்லையா என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

பொய் சொல்லமாட்டேன், எனக்கும் ஆசைதான். அந்தக் கேமரா பெட்டியை விட்டு வெளியே வந்தே ரொம்ப நாளாகியிருந்தது. விற்றால் எனக்கு நல்லதுதான். வெளியே எடுத்தேன். ஸ்டாண்டில் மாட்டி, கடை டிவியில் இணைத்து, ஒரு அரக்குச் சேலையை மேசைமேல் விரித்துக் காட்டினேன்.

டிவியில் அது கத்திரிக்காய் நிறத்தில் தெரிந்தது.

“அண்ணாச்சி, செட்டிங்ஸ் தப்பா வச்சிருக்கீக” என்றான் முனீஸ்.

எனக்கு வந்ததே கோபம். இவன் பிறப்பதற்கு முன்பே கேமரா பிடித்தவன் நான், என்னிடமா செட்டிங்ஸ் என்று எகிறினேன். அதையும் இதையும் திருகினேன். கத்திரிக்காய் நிறம் செங்கல் நிறமானது. அரக்கு மட்டும் வரவில்லை. இவ்வளவு விலைக் கேமராவே இப்படிக் காட்டினால் இந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யும்?

முத்துமாரி எங்கள் சண்டையைக் கேட்டதாகவே தெரியவில்லை. சேலையை எடுத்தாள், நேரே கடை வாசலுக்குப் போனாள், முந்தியைக் கைமேல் போட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அருப்புக்கோட்டையில் எந்த ஜவுளிக்கடையிலும் பெண்கள் இதைச் செய்வார்கள். கடைக்குள் எத்தனை டியூப்லைட் எரிந்தாலும் சரி, வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன் என்று சேலையோடு வாசலுக்குப் போய்விடுவார்கள். எந்த முதலாளியும் தடுக்கமாட்டார். வாசலில் பார்த்த பிறகுதான் பில். அவளும் பழக்கதோஷத்தில்தான் போனாள், பாவம்.

நான் சும்மா கேமராவை அவள் பக்கம் திருப்பினேன். டிவியில் அரக்கு. அச்சு அசல் அரக்கு. முனீஸ் டிவியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். உடனே அவன் போனை வாங்கி அதே இடத்தில் பிடித்துப் பார்த்தேன். அதிலும் கிட்டத்தட்ட அரக்குதான். பெரிய கேமராவைத் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தேன். வைக்கும்போது வயிறு எரிந்தது, அது வேறு விஷயம்.

3. எதை வாங்கினார்கள்

அவர்கள் வீட்டில் லைவ் போடும் இடத்தைப் போனில் காட்டச் சொன்னேன். பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பின்னால் ரோஸ் கலர் திரை. மேலே விலை மலிவான எல்இடி வட்ட லைட்டு. போனில் முகத்தை வெளுப்பாக்கும் பில்டர் வேறு, அது அரக்கையும் வெளுத்துக் குங்குமச் சிவப்பாக்கியிருக்கிறது. மட்டமான எல்இடியில் சிவப்பு சரியாக இருக்காது. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைக் கேமரா எங்கே போய்க் கொண்டுவரும்? போதாக்குறைக்கு ஒரே நிறச் சேலை திரை முழுக்க வந்ததும் போன் தானாகக் கலரை மாற்றும். பக்கத்தில் சுத்தமான வெள்ளை ஏதாவது இருந்தால் அவ்வளவாகத் தடுமாறாது.

நல்ல லைட்டும் இருக்கிறது. அது அவர்கள் கைக்கு எட்டாது. ஆகவே லைட்டே வேண்டாம், வாசலில் பகலில் லைவ் போடுங்கள் என்றேன். பின்னால் ஒரு வெள்ளை வேட்டி கட்டுங்கள், பில்டரை எடுத்துவிடுங்கள். வாங்கவேண்டியது காலரில் குத்தும் வயர்லெஸ் மைக் ஒன்று, உயரமான போன் ஸ்டாண்டு ஒன்று, அவ்வளவுதான். அது ஆடி மாதம். எங்கள் ஊர் ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அதனால் மைக்குக்கு மாட்டுகிற முடித்தொப்பியையும் சேர்த்து வைத்தேன்.

முனீஸுக்கு வந்ததே ஆத்திரம். பகலில் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள், ராத்திரி எட்டு மணிக்குத்தான் லைவ் பார்ப்பார்கள் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கூட்டம் வரும் நேரத்தை விட்டுவிட்டு வராத நேரத்தில் கடை திறக்கச் சொல்கிறேன்.

முத்துமாரிதான் முடித்துவைத்தாள். “ராத்திரி நூறு பேரு பாத்து நம்பாம போறதுக்கு, பகல்ல பத்துப்பேரு நம்புனாப் போதும் முனீசு” என்றாள். முனீஸ் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்லாமலே படியிறங்கிவிட்டான். அவள் நின்று மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் காசைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வரவேண்டும் என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று, வருகிறேன் என்றேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

திருச்சுழி பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் காற்று. கருவேலங்காடு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீடு மேற்குப் பார்த்தது. காலையில் வாசலில் நல்ல நிழல். வெயில் நேரே படாத அந்த நிழல் வெளிச்சம்தான் துணிக்கு நல்லது. ஆனால் ஆடிக்காற்று வருவதும் அதே மேற்கிலிருந்துதான்! நிழல் வேண்டுமென்றால் காற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

வேட்டியை இழுத்து நான்கு மூலையிலும் கயிறு கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு ஸ்டூலில் வெள்ளைத் தட்டு. தட்டில் ஒரு கை மிளகாய் வத்தல், ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இது எதுக்கும்மா என்றேன். பார்க்கிறவர்கள் வீட்டிலும் இதெல்லாம் இருக்குமே, நம் போன் காட்டுகிற நிறம் சரியா என்று அவர்களே ஒத்துப் பார்க்கட்டும் என்றாள். கலர் சரிபார்க்க என் கடையில் ஒரு அட்டை விற்கிறேன், நல்ல விலை. அதை அவளுக்குக் காட்டக்கூட இல்லை.

லைவ் தொடங்கியது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை மேலே ஏறவே இல்லை. முனீஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். இரண்டு சேலை காட்டி முடிப்பதற்குள், ஒண்ணும் கேட்கவில்லை, என்ன சர் சர் என்று சத்தம் என்று கமெண்டு வர ஆரம்பித்தது. காற்று இரைச்சலை முடித்தொப்பி தடுத்துவிட்டது. ஆனால் கஞ்சி போட்ட சேலையை அவள் தோளில் போட்டுக் காட்டும்போதெல்லாம் அது மைக்கில் உரசியது. வந்த கொஞ்சப்பேரும் கழன்றுகொண்டிருந்தார்கள். இதை நான் யோசிக்கவேயில்லை.

முனீஸ் ஸ்டாண்டை விட்டுப் போனான். அவள் ஜாக்கெட்டிலிருந்து மைக்கைக் கழற்றி, படத்தில் விழாமல் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, அவள் வாய்க்கு நேரே கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். குரல் கணீரென்று கேட்டது. கடைசி வரை அவன் கையை இறக்கவில்லை. அந்தப் பயல்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஸ்டாண்டு பக்கம் இப்போது நான் நின்றேன். அப்போதுதான் திரையில் அந்தப் பெயர் வந்தது. கோயம்புத்தூர் அம்மா. இன்னைக்கு என்ன கலர் காட்டி ஏமாத்தப் போறீங்க என்று எழுதியிருந்தார். அதை மெதுவாக வாசித்துச் சொன்னேன்.

“பிளாக் பண்ணிருங்க அண்ணாச்சி” என்று கீழேயிருந்து முனீஸ் கிசுகிசுத்தான்.

என் விரலும் அங்கேதான் போனது. முத்துமாரி வேண்டாம் என்று தலையசைத்தாள். வீட்டுக்குள் போய் அந்தக் கட்டைப்பையையே தூக்கி வந்தாள். அதிலிருந்து ஒரு அரக்குச் சேலையை எடுத்து, மடிப்பை உதறி, வத்தல் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். காற்று அதைத் தூக்கப் பார்த்தது, முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, நீங்க திருப்பி அனுப்புன சேலைதான் இது. அன்னைக்கு லைட்டுல காட்டுனேன், கலரு மாறித் தெரிஞ்சிருக்கு. இப்ப வாசல்ல காட்டுறேன். பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. காற்றுச் சத்தம் மட்டும். இந்தச் சேலை இல்லை என்று அந்த அம்மா ஒரு வார்த்தை எழுதினால் கதை முடிந்தது, திங்கட்கிழமை மில் வேன்தான். மறைப்பானேன், நான் சாமி கும்பிட்டேன்.

பிறகு ஒரு வரி வந்தது. சத்தமாக வாசித்தேன்.

“இதுதாங்க என் கைக்கு வந்த சேலை. இதை அன்னைக்கே இப்படிக் காட்டியிருக்கலாமே.”

“ஆமாக்கா” என்றாள் முத்துமாரி. இவ்வளவு நாளும் அழாதவள் லைவில் அழுதுவிட்டாள். அந்த அம்மா ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் யாரோ, அந்தக் கிளிப்பச்சையையும் தட்டுப் பக்கம் வைங்க என்று எழுதினார்கள். அப்புறம் மாம்பழ மஞ்சள். தட்டில் இருந்த கறிவேப்பிலையைக் காற்று அடித்துக்கொண்டு போக, முனீஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே மறு கையால் எட்டிப் பிடித்தான்.

5. உங்களுக்குச் சொல்வது

மறுநாள் மில் வேன் அவள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. இப்போதும் பகலில்தான் லைவ். கூட்டம் கம்மிதான், ஆனால் பார்சல் திரும்புவதில்லை, தறிக்காரரும் சரக்கை நிறுத்தவில்லை. மைக் பிடிப்பது முனீஸ். எப்போது கடைக்கு வந்தாலும் அந்தப் பெரிய கேமராவை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்ப்பான். நானும் கொடுப்பேன். விலை மட்டும் சொல்லமாட்டேன்.

புதிதாகச் சேனல் தொடங்கும் தம்பி தங்கச்சிகளே, மாடல் பெயரோடு என் கடைக்கு வராதீர்கள், திட்டு வாங்குவீர்கள். நீங்கள் காட்டப்போகிற சாமானைக் கொண்டு வாருங்கள். அதை வாங்குகிறவர்கள் எந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் நம்புவார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். போனை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அங்கே என்ன குறைகிறதோ அதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.